ஓட்டோவுக்கு ஒரு செத்தவீட்டுப் பந்தல்

வீரகத்தியர் செய்த பிழை ஒரேயொரு சொல். அதையும் அவர் யோசித்து எழுதவில்லை. வெல்டிங் கடைச் சதீஸ் கொடுத்த மதிப்பீட்டுத் துண்டில் இருந்ததை, எழுத்துப் பிசகாமல், பிரதேச சபையின் விண்ணப்பப் படிவத்தில் இறக்கிவைத்தார். ‘இரும்புக் கராஜ் - 1.’ அவ்வளவுதான். ஆளைக் கத்தியால் குத்தினவன்கூட இதைவிடக் குறைந்த கதிரைகளில் உட்கார்ந்து எழும்பி வீட்டுக்குப் போயிருப்பான்.

முதிரைவெட்டிக்குளத்தில் வீரகத்தியருக்கு ஒரு வீட்டுத்திட்ட வீடு, இரண்டு ஏக்கர் வயல், கமலாசனி என்றொரு மனைவி. கமலாசனியின் சிறுநீரகங்கள் இரண்டும் மூன்று வருடத்துக்கு முந்தியே ஓய்வுபெற்றுவிட்டன. செவ்வாயும் வெள்ளியும் காலை ஆறரைக்கு நகரத்து ஆஸ்பத்திரியில் அவரை மெசினில் போட்டு இரத்தத்தைச் சுத்திகரிப்பார்கள். ஆறரைக்கு ஆள் இல்லாவிட்டால் மெசின் அடுத்தவருக்குப் போய்விடும். ஊரிலிருந்து முதல் பஸ் ஏழேகாலுக்கு. ஆகவே வீரகத்தியர் ஒரு ஓட்டோ வாங்கினார். அவருக்கு முதல் நான்கு சொந்தக்காரரைச் சுமந்து களைத்த ஓட்டோ. காய்ந்த நாளில் மூன்றாவது இழுவையில் ஸ்ராட் ஆகும். மழையில் நனைந்தால் நாற்பது தரம் இழுத்தாலும் வாய் திறக்காது.

மாரி வரப்போகிறது. வீரகத்தியர் ஓட்டோவைப் படங்கால் மூடிப் பார்த்தார். காற்று அதைக் கழற்றிக்கொண்டுபோய்ப் பக்கத்து வளவுப் பனையில் காயப்போட்டது. வீட்டுக்குள் விட்டுப் பார்த்தார். வீட்டுத்திட்டக் கதவு ஓட்டோவைவிட ஒரு சாண் ஒடுக்கம். நான்கு இரும்புத் தூண், மேலே தகரம், மூன்று பக்கமும் தகரம். இதைவிட வேறு வழியில்லை என்று முடிவுகட்டித்தான் சதீசிடம் போனார்.

“ரெண்டு நாள் வேலை ஐயா,” என்றான் சதீஸ். “ஆனால் சபைத் துண்டு இல்லாமல் நான் தொடமாட்டன். போன மாசம் ஒரு கோழிக்கூட்டுக்கு அடிச்ச தகரத்தைச் சபையால வந்து கழட்டிக்கொண்டு போயிட்டினம். கோழியள் இப்பவும் வெளியிலதான் நிக்குதுகள்.”

சபையின் முன்மேசையில் சுதாஜினி என்ற உத்தியோகத்தர் இருந்தார். நல்ல பிள்ளை. யார்மீதும் எரிந்து விழமாட்டார். வீரகத்தியரின் ஒற்றைப் பக்கப் படிவத்தை வாசித்தார், மேசை இலாச்சியைத் திறந்து இன்னொரு படிவத்தை எடுத்தார். அது பதினொரு பக்கம்.

“கராஜோ ஐயா? எத்தினை பேர் வேலை செய்யப்போகினம்?”

“வேலையோ? நானும் மனுசியும்தான் பிள்ளை.”

“ஆண் ஒண்டு, பெண் ஒண்டு. பெண்களின்ர பங்களிப்பு ஐம்பது வீதம். நல்லது.” சுதாஜினி எழுதினார். “அம்மா என்ன வேலை பாப்பா?”

“அவா பின் சீற்றில இருக்கிறவா.”

சுதாஜினி கொஞ்சம் யோசித்து, ‘பின்பகுதி வேலைகள்’ என்று எழுதினார்.

“ஒரு நாளைக்கு எத்தினை வாகனம் வரும்?”

“ஒண்டு.”

“திருத்தினாப்பிறகு?”

“எதைத் திருத்தினாப்பிறகு?”

“வாகனத்தை.”

“அது விடிய வெளிக்கிட்டுப் போகும். பின்னேரம் திரும்பி வரும்.”

‘திருத்திய வாகனங்கள் அன்றே திரும்பி வருகின்றன’ என்று எழுதிவிட்டு சுதாஜினி அனுதாபத்தோடு நிமிர்ந்து பார்த்தார். “தொடக்கத்தில அப்பிடித்தான் ஐயா. பழகப் பழகச் சரிவரும்.”

அப்போதுதான் வீரகத்தியருக்கு விளங்கியது. வன்னியில் கராஜ் என்றால் வாகனம் திருத்தும் இடம். வாகனம் நித்திரை கொள்ளும் இடத்துக்கு அங்கே தனியாக ஒரு சொல் இல்லை. வாகனங்கள் நின்ற இடத்தில்தான் நித்திரை கொள்ளும்.

“பிள்ளை, நான் திருத்துற கராஜ் கேக்கேல்லை. என்ர ஓட்டோவை மழை படாமல் விடுறதுக்கு ஒண்டு.”

“அப்ப ஏன் கராஜ் எண்டு எழுதினீங்கள்?”

“சதீஸ் எழுதினவன்.”

“சதீஸ் எங்கயும் எழுதலாம் ஐயா. பதிவுப் புத்தகத்தில ஏத்தினது நீங்கள். ஏறினதை வெட்டேலாது. வெட்டினால் கணக்காய்வுக்காரர் ஏன் வெட்டினது எண்டு கேப்பினம். வெட்டாட்டி ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டினம்.” குரலைத் தணித்தார். “பதினொரு நிபந்தனைதானே. ஒவ்வொண்டாய் செய்துகொண்டு வாங்கோ.”

முதலாவது நிபந்தனை கழிவு ஒயில் குழி. ஆறடி நீளம், ஆறடி அகலம், நான்கடி ஆழம். அனுமதிக்கு முன்னமே வெட்டியிருக்க வேண்டும். ஓட்டோவிலிருந்து மாதத்துக்கு ஒரு தேக்கரண்டி ஒயில் சிந்துமென்றால் அதிகம். குழி நிரம்ப அறுபத்தெட்டாயிரம் வருடம் பிடிக்கும் என்று கமலாசனி வாசற்படியில் இருந்து கணக்குப் பார்த்துச் சொன்னார். வீரகத்தியர் வெட்டினார். வெட்டி முடிக்க ஒன்பது நாள்.

பத்தாம் நாள் புரட்டாதி மழை ஒன்று வந்து குழியை நிரப்பிவிட்டுப் போனது. பதினாறாம் நாள் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். அவர் இருப்பதும் அதே கட்டடத்தில்தான், சுதாஜினிக்கு அடுத்த அறை. குழிக்கரையில் குந்தியிருந்து ஒரு வெள்ளைக் கோப்பையால் தண்ணீரை அள்ளிப் பார்த்தார்.

“நுளம்புக் குடம்பி இருபத்தாறு,” என்றார். “இது என்ன, டெங்குப் பண்ணையோ?”

“சபை வெட்டச் சொன்ன குழி ஐயா.”

“சபை வெட்டத்தான் சொன்னது. தண்ணி விடச் சொன்னதோ? மூண்டு நாளில மூடுங்கோ. இல்லாட்டி வழக்கு.”

மூடினார். மூடிவிட்டுப் போனால் சுதாஜினி குழியின் படம் கேட்டார்.

“மூடிப்போட்டன் பிள்ளை. பக்கத்து அறைதான் மூடச் சொன்னது.”

“அது பக்கத்து அறை ஐயா. இது இந்த அறை.” அவர் கோப்பில் குறித்துக்கொண்டார். ‘குழி இருந்தது. தற்போது இல்லை. விண்ணப்பதாரர் ஒத்துழைக்கிறார்.’

அந்த வெள்ளிக்கிழமைதான் முதல் தடவை மெசின் தவறியது. இரவு முழுக்கப் பெய்த மழை விடிய நின்றிருந்தது. கமலாசனி பையும் போர்வையுமாகப் பின் சீற்றில் ஏறி இருந்தார். வீரகத்தியர் லீவரை இழுத்தார். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது என்று கமலாசனி பின்னாலிருந்து எண்ணினார். ஏழேகால் பஸ்ஸைப் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது மெசினில் வேறொருவர் படுத்திருந்தார்.

செவ்வாய்க்கிழமைக்கு இடையில் கமலாசனியின் கால்கள் வீங்கிவிட்டன. விரலால் அமத்தினால் குழி விழும். அந்தக் குழி நிரம்ப ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கும் நேரம் எடுத்தது.

“இந்தக் குழிக்கு ஆரிட்ட அனுமதி எடுக்கவேணும் எண்டு கேட்டு வாங்கோ,” என்றார் கமலாசனி, காலைக் காட்டி. “ஆறடிக்கு ஆறடி வராது. ஆனால் மூடச் சொல்லாமலே மூடுது.”

செவ்வாய்க்கிழமை அந்தக் காலைப் பார்த்த டாக்குத்தர் சிரிக்கவில்லை. “இன்னும் ரெண்டு தரம் விட்டால் சுவாசப்பைக்குத் தண்ணி ஏறும். பிறகு என்னிட்டக் கொண்டுவந்து பிரயோசனமில்லை,” என்றார்.

வீரகத்தியர் நேரே செயலாளரிடம் போனார். செயலாளர் சிவகரன் ஒழுங்கான மனிதர். மேசையில் பேனைகள் உயர வரிசையில் நின்றன. சொல்லைத்தானே வெட்டமுடியாது, புதிதாக ஒரு சொல்லோடு புதிதாக ஒரு விண்ணப்பம் போட்டால் என்ன என்று வீரகத்தியர் வழியிலேயே யோசித்து வைத்திருந்தார்.

“கராஜ் வேண்டாம் சேர். கொட்டில் எண்டு எழுதித் தாறன். ஒரு சின்னத் தகரக் கொட்டில்.”

செயலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“ஐயா, அந்தச் சொல்லை இந்த அறையில சொல்லாதேங்கோ. உங்களுக்குத் தெரியும், சண்டை முடிஞ்சு வந்து இந்தச் சனம் முழுக்கத் தகரக் கொட்டிலுக்க கிடந்து வெந்தது. நீங்களும் கிடந்திருப்பீங்கள்.”

“நாலு வருசம் சேர்.”

“பாத்தீங்களே. அதை நாங்கள் ஒழிச்சுப்போட்டம். ஆறு வருசத்துக்கு முந்தி, பங்குனி மாதம் முப்பத்தோராம் திகதி, ‘கொட்டில் அற்ற பிரிவு’ எண்டு மேல அறிக்கை அனுப்பினனாங்கள். எனக்குக் கேடயமும் தந்தவை.” சுவரில் இருந்த கேடயத்தைக் காட்டினார். “அண்டைக்கு இந்தப் பிரிவில நூற்றிப் பதினாலு கொட்டில் இருந்தது. இருந்தும் அனுப்பினனாங்கள். அறிக்கை எண்டது ஒரு நம்பிக்கை ஐயா. இப்ப நீங்கள் ஒரு கொட்டில் போட்டால் அறிக்கை பொய்யாப் போயிடும். ஒரு அறிக்கை பொய்யாகிறதை விட ஒரு கொட்டில் இல்லாமல் போறது நல்லதல்லோ?”

வீரகத்தியர் யோசித்துப் பார்த்தார். அந்த அறைக்குள் இருந்து யோசித்தால் அது சரியாகத்தான் பட்டது.

“மற்றது,” என்றார் செயலாளர், “நீங்கள் வீட்டுத்திட்டப் பயனாளி. வீடு தந்தாப்பிறகு கொட்டில் கேட்டால், அந்த வீட்டில நீங்கள் இருக்கேல்லை எண்டு அர்த்தம். வீட்டைத் திருப்பி எடுக்கவேண்டி வரும். நான் எடுக்கமாட்டன். ஆனால் எடுக்கவேண்டி வரும்.” வீரகத்தியரின் முகத்தைப் பார்த்து இரங்கினார். “கராஜ் விண்ணப்பத்தையே கொண்டுபோவம். நான் ஒரு கள ஆய்வு போடுறன்.”

கள ஆய்வு ஐப்பசி நடுப்பகுதியில் வந்தது. முந்திய செவ்வாய் இரண்டாவது தடவை தவறியிருந்தது. கமலாசனி இப்போது படுத்தால் இருமல் வந்ததால் கதிரையில் இருந்தபடிதான் நித்திரை கொண்டார்.

கள ஆய்வு என்றால் ஒருவர் நாடாவோடு வந்து அளந்துவிட்டுப் போவார் என்று வீரகத்தியர் நினைத்திருந்தார். முதலில் வந்தது பெட்டி பூட்டிய ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம். அதில் பொன்னையாவும் அவருடைய தகரப் பந்தலும். கல்யாணம், பெண்பிள்ளை வயதுக்கு வந்த சாமத்தியவீடு, செத்தவீடு எல்லாவற்றுக்கும் அந்தப் பகுதியில் பந்தல் வாடகைக்குக் கொடுப்பவர் பொன்னையாதான். நாற்பது நிமிடத்தில் வளவுக்குள் இரும்புத் தூண் நட்டு, குறுக்குச் சட்டம் கொழுவி, மேலே தகரம் ஏற்றி, சீலையும் கட்டி, அறுபது பிளாஸ்ரிக் கதிரையும் பரப்பிவிட்டார். பிறகு குத்துவிளக்கு வந்தது. பிறகு ஒலிபெருக்கி. பிறகு ஒன்பது உத்தியோகத்தர்கள். கடைசியாகச் செயலாளர்.

விளக்கேற்றினார்கள். இறை வணக்கம், வரவேற்புரை. கமலாசனியின் கையில் ஒரு மாலையைக் கொடுத்துச் செயலாளருக்குப் போடச் சொன்னார்கள். அவர் எழும்ப மாட்டாமல் இருந்ததால் செயலாளர் குனிந்து கழுத்தைக் கொடுத்தார். அதைப் படம் எடுத்தார்கள்.

“இண்டைக்கு நாங்கள் மக்களைத் தேடி வந்திருக்கிறம்,” என்று செயலாளர் ஒலிபெருக்கியில் தொடங்கினார். கேட்டுக்கொண்டிருந்த மக்கள் இருவர். “ஒரு காலத்தில மக்கள் எங்களைத் தேடி வந்தவை. அதால எங்களுக்கு வேலை செய்ய நேரம் கிடைக்கிறேல்லை. இப்ப நாங்கள் மக்களைத் தேடி வாறம். அதாலயும் நேரம் கிடைக்கிறேல்லை. ஆனால் இது மக்கள்மயமான நேரமின்மை. இந்தக் கராஜ் சம்பந்தமாய் இதுவரைக்கும் முப்பத்தொரு கடிதம் எழுதியிருக்கிறம். ஒரு விண்ணப்பத்துக்கு முப்பத்தொரு கடிதம் எழுதின சபை வடமாகாணத்தில வேற இருக்கோ எண்டு நான் சவால் விடுறன்.”

ஒன்பது பேரும் கைதட்டினார்கள். சிற்றுண்டிப் பொதி கொடுத்தார்கள். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. தகரத்தில் மழை விழும் சத்தத்துக்கு ஒலிபெருக்கி தோற்றுப்போக, எல்லோரும் நனையாமல் இருந்து றோல்ஸ் சாப்பிட்டார்கள். பந்தலுக்கு வெளியே ஓட்டோ நனைந்தது.

வீரகத்தியர் தலைக்கு மேலே பார்த்தார். இரும்புத் தூண்கள், மேலே தகரம். அவர் கேட்டது இதைத்தான். அவர் கேட்டது இதில் பாதிகூட வராது.

“சேர், இதுக்கு அனுமதி எடுத்தனீங்களோ?”

“எதுக்கு?”

“இந்தத் தகரத்துக்கு.”

“இது பந்தல் ஐயா,” என்றார் செயலாளர், றோல்ஸை விழுங்கிவிட்டு. “பந்தலுக்கு ஆரும் அனுமதி எடுக்கிறதே? அது எங்கட பண்பாடு.”

“அப்ப எவ்வளவு நாளைக்கு நிக்கலாம்?”

செயலாளர் சுதாஜினியைப் பார்த்தார். சுதாஜினி மடியில் இருந்த சுற்றறிக்கைக் கோப்பைப் புரட்டினார். “கலியாணத்துக்கு மூண்டு நாள். சாமத்தியவீட்டுக்கு ஐஞ்சு. கள ஆய்வுக்கு அண்டைக்குப் பின்னேரம் வரைக்கும். செத்தவீடு எண்டால்...” விரலை வைத்து வாசித்தார். “அந்தியேட்டிக் கிரியை வரைக்கும். முப்பத்தொரு நாள்.”

கதிரையில் சாய்ந்திருந்த கமலாசனி கண்ணைத் திறந்தார்.

“அப்ப சேர், நான் செத்தால் ஓட்டோ நனையாது. ஓட்டோ நனையாட்டி நான் சாகமாட்டன். இதில எதை முதல் செய்யட்டும்?”

செயலாளர் வாயைத் துடைத்தார்.

“அதை எழுத்தில தாங்கோ அம்மா,” என்றார்.

அவர்கள் போன கையோடு பொன்னையா பந்தலைக் கழற்றிக்கொண்டு போனார். கமலாசனி கொப்பித்தாள் ஒன்றைக் கிழித்து எழுதினார். ‘ஐயா, நான் செத்தால் ஓட்டோ நனையாது. ஓட்டோ நனையாவிட்டால் நான் சாகமாட்டேன். எது முதல் என்று அறியத்தரவும். இப்படிக்கு, வீ. கமலாசனி.’ நக்கலுக்குத்தான் எழுதினார். கொண்டுபோய்க் கொடுத்தது வீரகத்தியர். அவருக்கு அந்த நாட்களில் நக்கல் எது, விண்ணப்பம் எது என்று பிரித்துப் பார்க்கும் உசார் இல்லை.

பதில் ஐந்தே நாளில் வந்தது.

‘தங்கள் மரணம் தொடர்பாக. தங்களின் கடிதம் கிடைக்கப்பெற்றது. அதில் கூறப்பட்ட முதலாவது விடயம், அதாவது தங்கள் மரணத்தை முன்னிட்டுப் பந்தல் அமைத்தல், சபையின் அதிகாரத்துக்கு உட்பட்டது. இரண்டாவது விடயம், அதாவது தாங்கள் சாகாமல் இருத்தல், சபையின் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல. ஆகவே முதலாவது விடயத்துக்கு மாத்திரம் முப்பத்தொரு நாட்களுக்கு இத்தால் அனுமதி வழங்கப்படுகிறது.’ கீழே, பிரதிகள் ஏழு பேருக்கு என்று ஒரு நீண்ட பட்டியல்.

வீரகத்தியர் அதை இரண்டு தரம் வாசித்தார். இந்த இரண்டு மாதத்தில் சபை அவருக்குத் தந்த முதல் அனுமதி. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பொன்னையாவிடம் சைக்கிளில் போனார்.

பொன்னையா கடிதத்தைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். “வெள்ளை கட்டவோ?” என்று மட்டும் கேட்டார்.

“கட்டுறதெண்டால் கட்டு. ஓட்டோ உள்ளுக்குப் போகவேணும், அவ்வளவுதான்.”

பந்தல் எழும்பினால் அந்த ஊரில் யாரும் பறை அடித்துச் சொல்லத் தேவையில்லை. பின்னேரத்துக்குள் சனம் வந்துவிட்டது. ஆண்கள் கதிரைகளில் இருந்து வெற்றிலை போட்டார்கள். நான்கு பேர் சீட்டுக்கட்டோடு கடதாசி விளையாடத் தொடங்கினார்கள். பந்தலின் நடுவில், பெட்டி வைக்கும் இடத்தில், ஓட்டோ நின்றது. பக்கத்து வளவு மீனம்மா தலைமயிரை அவிழ்த்துவிட்டுக்கொண்டு ஓடிவந்தவர், கமலாசனி கதிரையில் இருப்பதைக் கண்டு மயிரை முடிந்துகொண்டு பக்கத்தில் அமர்ந்தார்.

“எப்பக்கா நடந்தது?”

“புதன்கிழமை. தபாலில வந்தது.”

“நல்ல சாவு. அலைச்சலில்லை.”

“ஓமடி. நித்திரையில போன மாதிரி.”

ஒருவரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. அந்தப் பக்கத்தில் காகிதம் ஒன்று சொல்லும், ஆள் ஒன்று சொல்லும். காணாமல்போய், காகிதத்தில் மட்டும் உயிரோடு இருக்கும் பிள்ளைகளின் படங்களைப் பிடித்துக்கொண்டு வருடக்கணக்கில் ரோட்டோரத்தில் இருப்பவர்களும் அந்தப் பந்தலில் வந்து இருந்தார்கள். காகிதத்தில் மட்டும் செத்த ஒருத்தி எதிரில் இருந்து கதைப்பது அவர்களுக்குப் பார்க்கக் கொஞ்சம் நன்றாகக்கூட இருந்திருக்கலாம். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, “அப்ப வாறம்” என்று சொல்லாமல், செத்தவீட்டு முறைப்படி பேசாமல் எழும்பிப் போனார்கள்.

அன்றிரவு முழுக்க மழை. விடிய வெள்ளிக்கிழமை. ஓட்டோ இரண்டாவது இழுவையில் ஸ்ராட் ஆனது. ஆறேகாலுக்கு ஆஸ்பத்திரி. நான்கு மணித்தியாலம் மெசின். கமலாசனி பின்னேரம் கட்டிலில் மல்லாந்து படுத்து, இருமாமல், ஒரு மாதத்துக்குப் பிறகு ஒழுங்காக நித்திரை கொண்டார். வீரகத்தியர் கதவடியில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சந்தோசப்படலாம் என்று அவருக்குத் தெரிந்தது. எங்கே வைத்தோம் என்று தேடவேண்டிய சாமான்போல இருந்தது அது.

செவ்வாய்க்கிழமையும் ஓட்டோ நனையவில்லை. ஆறு இருபதுக்கே போய்ச் சேர்ந்தார்கள். தாதி பெயர்ப்பட்டியலைப் பார்த்தாள், கமலாசனியைப் பார்த்தாள், திரும்பவும் பட்டியலைப் பார்த்தாள்.

“அம்மா, உங்கட பேர் வெட்டியிருக்கு.”

“ஏன் பிள்ளை?”

“காலமாகிட்டீங்கள். நேற்றுச் சபையில இருந்து கடிதம் வந்தது. நாலாவது பிரதி எங்களுக்கு.” அவளுக்கே சங்கடமாக இருந்தது. “உங்கட மெசினைக் காத்திருந்த ஒரு ஆளுக்குக் குடுத்தாச்சு. உள்ளுக்குப் போட்டாச்சம்மா. இப்ப கழட்டேலாது.”

“அது ஓட்டோவுக்காகச் செத்தது பிள்ளை,” என்றார் கமலாசனி.

“எனக்கு விளங்குது. பட்டியலுக்கு விளங்காதே. உயிரோட இருக்கிறீங்கள் எண்டு சபையில ஒரு துண்டு வாங்கிக்கொண்டு வாங்கோ. வெள்ளிக்கிழமை கட்டாயம் போட்டுத் தாறன். வெள்ளியும் துண்டில்லாட்டி மெசின் அந்தாளுக்கு நிரந்தரமாப் போயிடும்.”

ஆஸ்பத்திரியிலிருந்து அப்படியே சபைக்கு ஓட்டினார் வீரகத்தியர். சபை திறக்கும்வரை வாசலில் இருந்தார்கள். சுதாஜினி கமலாசனிக்குக் கதிரை இழுத்துப் போட்டார். உயிர்வாழ் சான்றிதழ்ப் படிவம் ஒரே பக்கம்தான்.

“ஆளை நேர காட்டவேணும்,” என்றார்.

“இந்தா இருக்கிறன்.”

“ஓமம்மா, காணுறன். பந்தல் நிக்குதோ?”

“நிக்குது,” என்றார் வீரகத்தியர்.

சுதாஜினி பேனையை வைத்துவிட்டார். “பந்தல் நிக்கேக்க அம்மா உயிரோட இருக்கிறா எண்டு நான் எப்பிடி ஐயா எழுதுறது? ரெண்டிலயும் என்ர ஒப்பம்தானே இருக்கு. பந்தலைக் கழட்டிப்போட்டு வாங்கோ. இப்பவே எழுதித் தாறன்.”

“கழட்டினால் ஓட்டோ நனையும் பிள்ளை. வெள்ளிக்கிழமை துண்டு இருக்கும், போகேலாது.”

“கழட்டாட்டி?”

“போகலாம், துண்டு இருக்காது.”

சுதாஜினிக்குக் கண் கலங்கியது. அவர் உண்மையிலேயே நல்ல பிள்ளை. கோப்பை எடுத்துக்கொண்டு செயலாளரின் அறைக்குப் போனார். இருவரையும் உள்ளே கூப்பிட்டார்கள்.

செயலாளர் முழுவதையும் கேட்டார். பேனைகளை ஒருதரம் சரிசெய்தார். “சட்டம் தெளிவாய் இருக்கு,” என்றார். “ஒரு பந்தலுக்கு ஒரு மரணம். எனக்கு அம்மாவில தனிப்பட்ட கோபம் ஒண்டும் இல்லை. செத்தது ஆர் எண்டு சட்டம் கேக்கேல்லை. ஒரு ஆள் வேணும், அவ்வளவுதான்.”

வீரகத்தியர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

“அப்ப சேர், மனுசிக்குப் பதிலாய் நான் செத்தால் என்ன? எனக்கு ஆஸ்பத்திரியிலயும் பேர் இல்லை, ஒரு இடத்திலயும் பேர் இல்லை.”

செயலாளரின் முகம் மலர்ந்தது. அப்படி அவர் மலர்ந்ததை சுதாஜினியும் முன்பு கண்டதில்லை.

“பயனாளி மாற்றம்!” என்றார். “பிள்ளை, அந்தப் படிவம் எங்களிட்ட இருக்குத்தானே? ஐயா, இருபத்திரண்டு வருசம் இந்தக் கதிரையில இருக்கிறன். சனம் வந்து அழும், ஏசும், கெஞ்சும். சட்டத்துக்குள்ள நிண்டு ஒரு வழியோட வந்த முதல் ஆள் நீங்கள். உங்களைப் போல ஆக்கள் இன்னும் கொஞ்சப் பேர் இருந்தால் இந்தப் பிரிவு எங்கேயோ போயிடும்.”

இருபது நிமிடத்தில் முடிந்தது. அந்தச் சபையில் வந்த அன்றே முடிந்த காரியம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கமலாசனியின் உயிர்வாழ் சான்றிதழில் முத்திரை குத்தினார்கள். மற்றப் படிவத்தை சுதாஜினி வீரகத்தியரின் பக்கம் திருப்பி வைத்தார்.

“ஐயா, செத்தவர் ஒப்பமிடுற இடம் இது. திகதியும் போடுங்கோ. முப்பத்தொரு நாளும் இண்டையில இருந்து புதுசா ஓடும்.”

வீரகத்தியர் நிதானமாக, எழுத்துப் பிசகாமல் ஒப்பமிட்டார்.

வீட்டுக்குப் போகும் வழியில், குளக்கட்டு ஏறும்போது, கமலாசனி பின் சீற்றிலிருந்து கேட்டார்.

“என்னை ஒரு சொல் கேக்காமல் செத்துப்போட்டீங்கள், என்னப்பா.”

“நீர் என்னைக் கேட்டே செத்தனீர்?”

“நான் நக்கலுக்கெல்லோ எழுதினனான்.”

“நக்கல் எண்டு மேல எழுதியிருக்கவேணும். அவைக்கு எப்பிடித் தெரியும்?”

கமலாசனி முன்னால் எட்டி அவருடைய சட்டைக் கொலரை மடித்துச் சரிசெய்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை விடிய இடியும் மழையும். பந்தல் தகரம் அதிர்ந்தது. ஓட்டோ முதல் இழுவையிலேயே ஸ்ராட் ஆனது. ஆறு பத்துக்கு வாட்டில் நின்றார்கள். தாதி துண்டை வாங்கி, பட்டியலில் கமலாசனியின் பெயரைத் திரும்ப எழுதினாள். புதிதாக எழுதியபடியால் புதிதாக ஒரு அட்டையும் நிரப்பவேண்டியிருந்தது. பெயர், வயது, முகவரி.

“கூட வந்தவர் ஆர்?”

வீரகத்தியர் வாயைத் திறந்தார். கமலாசனி முந்திக்கொண்டார்.

“ஒருத்தரும் இல்லைப் பிள்ளை. அவர் செவ்வாய்க்கிழமை தவறிட்டார். நான் தனியத்தான் வந்தனான்.”

தாதி, கையில் பையும் போர்வையுமாக நின்றவரை ஒருதரம் பார்த்தாள். அட்டையில் ஒரு கோடு போட்டாள். கமலாசனியை உள்ளே கூட்டிப்போய் மெசினில் இணைத்தாள்.

வீரகத்தியர் வெளியே நீண்ட மர வாங்கில் உட்கார்ந்தார். கமலாசனி கழற்றிவிட்ட செருப்பு வழியில் கிடந்தது. ஆட்கள் மிதிக்காமல் அதை எடுத்துத் தன் காலடியில் வைத்துக்கொண்டார். அவரைத் தாண்டிப் பலர் போனார்கள், வந்தார்கள். அரை மணித்தியாலம் போயிருக்கும்.

“இஞ்சேருங்கோ,” என்று உள்ளேயிருந்து குரல் கேட்டது. “குளிருது.”

அவர் எழும்பிப் போய்ப் போர்வையை விரித்து, கால் இரண்டையும் சேர்த்து மூடி, ஓரங்களைச் சொருகிவிட்டு வந்து இருந்தார். தாதி பக்கத்துக் கட்டிலடியில்தான் நின்றாள். அவள் குறிப்பேட்டில், அந்த நேரத்துக்கு நேரே, யாரும் வந்ததாக இல்லை.